பூஜை போட்ட சிக்னல் ஜெனரேட்டர்

எண்பதுகளின் நடுவில், மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, எனக்கு ஜென்மப் பகை என்று ஒன்று இருந்ததென்றால் அது மின்னதிர்வுகளை உண்டாக்கும் எங்கள் சிக்னல் ஜெனரேட்டரின் குமிழ்தான். ஒரு படிகத்தைச் சின்ன உலையில் சூடேற்றிக்கொண்டே, அந்தக் குமிழைத் திருகி, அதற்குக் கொடுக்கும் மின்னதிர்வின் அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட சூட்டில் படிகம் சட்டென்று அதிகமாகத் துடிக்கும் என்பது என் கணக்கு. ஆனால் நான் திருகித் திருகி சரியான அதிர்வெண்ணுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சூடு தாண்டிப் போயிருக்கும். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சார், "அப்படி ஒண்ணு இல்லவே இல்லம்மா. வேற தலைப்புப் பாரு" என்றார். பாதி ஆய்வேடு எழுதியாகிவிட்டது. வேறு தலைப்பாம்!

ஜெனரேட்டரின் முதுகில் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு பட்டையான சாக்கெட் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் சீண்டியதில்லை. குமிழைத் திருகுகிற வேலையைக் கம்ப்யூட்டர் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வேதியியல் துறையில் அதற்குத் தோதான கம்ப்யூட்டர் இருந்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பூஜை விடுமுறைக்கு மட்டும் வாங்கினேன். காலேஜ் திறக்கிற அன்று காலையில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார்கள். அதற்குள் அந்தத் துடிப்பைக் காட்டாவிட்டால் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும் என்று சாரும் சொல்லிவிட்டார்.

விளாங்குடியிலிருந்து பஸ் ஏறி, காளவாசலில் மாறி, ஆளில்லாத காலேஜுக்குத் தினமும் போனேன். கையேட்டைப் புரட்டி, கேபிளை மாட்டி, நிரல் எழுதினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நான் குமிழைத் தொடாமலே ஜெனரேட்டரில் எண்கள் மாறின. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

பூஜையன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் போனால், ஜெனரேட்டர் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண்போல உட்கார்ந்திருந்தது. நிரலை ஓட்டினேன். அசையவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. விடிந்தால் காலேஜ் திறந்துவிடும்.

காலையில் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த அட்டெண்டரிடம், "அண்ணே, இத யாராச்சும் தொட்டாங்களா?" என்றேன்.

"வேற யாரு தொடுவா? நாந்தான் தொடச்சுப் பொட்டு வச்சேன். முன்னாடி பின்னாடி ஒரு எடம் விடல தாயி. அம்புட்டுச் சந்தனம்!"

பின்னாடியா? ஜெனரேட்டரைத் திருப்பினேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் கம்ப்யூட்டர் அதைக் கூப்பிடும். எண்ணைக் குறிக்கிற குட்டிச் சுவிட்சுகளின் மேல் சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது. தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிச் சுரண்டினேன்.

"சாமிக்கு வச்சதச் சொரண்டாத தாயி."

"சாமி பொறுத்துக்கும்ணே. எங்க சார்தான் பொறுக்க மாட்டாரு."

ஒரு சுவிட்சு அவர் விரல் பட்டுக் கீழே அழுந்தியிருந்தது. நிமிர்த்தினேன். அப்போதும் அசையவில்லை. ஆத்திரம் தலைக்கேறியது. கையேட்டை வரி விடாமல் படித்தபோதுதான் தெரிந்தது, ஆன் செய்யும் நொடியில் மட்டுமே இந்தக் கருவி தன் எண்ணைப் படித்துக்கொள்ளும். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எண்கள் ஓட ஆரம்பித்தன.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து உலையைப் போட்டேன். சார் உள்ளே வந்தபோது, படிகத்தின் துடிப்பை வரையும் பேனா தாளில் நேர்கோடாகவே போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை எடுத்துப்போக வேதியியல் துறை ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சார் ஆரம்பித்தார். பேனா ஒரு குதி குதித்து, மேடு போட்டு இறங்கியது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரண்ட் ஏறி எறங்கியிருக்கும்மா."

"சூடு எறங்கும்போதும் வரும் சார். நில்லுங்க."

உலையை அணைத்தேன். மூன்று பேரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதே சூட்டில் அதே மேடு வந்தது. சார் இரண்டு மேடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர் இன்னைக்கு வராதுன்னு உங்க சார்ட்ட சொல்லிடுப்பா. நானே வந்து கேக்குறேன்."