கைகூப்பி நின்றால்தான் ஜெபமா?

போன ஞாயிறு, என் மறைக்கல்வி வகுப்பில் பத்து வயது ஜெசிந்தா, நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டே விசுவாசப் பிரமாணத்தை முழுசாகச் சொல்லி முடித்தாள். ஒரு வரி விடவில்லை. நான் அழுதுவிட்டேன்.

இதற்கெல்லாமா அழுவார்கள் என்கிறீர்களா? கேளுங்கள்.

எங்கள் சுங்கைப் பட்டாணி கோயிலில் ஒரு வழக்கம். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகள் கைகூப்பி, ஆடாமல் நின்று, ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லவேண்டும். போன வருடம் ஜெசிந்தா இரண்டு வரி சொல்வாள். அப்புறம் கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஜெபப் புத்தகத்தை மூன்று தடவை தொலைத்தாள். குறும்புக்காரியும் இல்லை... பாவம், இருக்கிற இடமே தெரியாது. ‘இவளுக்குப் பக்தி பத்தாது, அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று ஃபாதரிடம் சொன்னது சாட்சாத் நான்தான்! புதுநன்மைக்கென்று அவளுக்குத் தைத்து வைத்த வெள்ளைக் கவுன் அலமாரியிலேயே கிடந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவள் அம்மா பிலோமினா மெர்போக்கிலிருந்து வந்து, மருத்துவமனைக் கடிதத்தை நீட்டினார். கவனக்குறைபாடாம். பள்ளி ஆசிரியை சந்தேகப்பட்டு அனுப்பியிருக்கிறார்.

“சோம்பேறின்னு நெனச்சு ரோத்தான் பிரம்பால அடிச்சிருக்கேன் டீச்சர்...” என்றார் பிலோமினா. “இந்த வருஷமும் புதுநன்மை இல்லன்னா கோயிலுக்கே வரமாட்டேன்னு சொல்றா லா.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சத்தம் போடுகிற பிள்ளையை உடனே கவனித்துவிடுகிறோம். சத்தமில்லாமல் தவிக்கிற பிள்ளையை? ‘நல்ல பிள்ளை’ என்று கடைசி வரிசையில் உட்காரவைத்து மறந்துவிடுகிறோம்.

டாக்டர் சொன்னது எளிதுதான். துண்டு துண்டாகக் கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று, கைகாலை அசைக்க விடுங்கள். ஆகவே, நாற்காலிக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தோம். சில ஞாயிறுகளில் நாலாவது நாற்காலியிலேயே நின்றுபோகும். “கொஞ்சம் கொஞ்சமா வந்துரும்மா” என்பேன். ஃபாதரும் சரியென்றார்: இவளுக்குக் கைகூப்பி நிற்கும் சட்டம் கிடையாது. அடுத்த மாதம் புதுநன்மை!

போன ஞாயிறு, கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு ஜெசிந்தா என்னிடம் கேட்டாள்.

“போன வருஷம் சாமிக்கு எம்மேல கோவமா டீச்சர்?”

“சாமிக்குக் கோவமே இல்லடா. இந்த டீச்சருக்குத்தான் ஒன்னும் தெரியல. மன்னிச்சுக்கோ.”

நாற்காலியை நேராக இழுத்து வைத்தாள்.

“பரவால்ல லா டீச்சர். கொஞ்சம் கொஞ்சமா வந்துரும்.”