நிமிராத கை

தொண்ணூறுகளில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டின் லாண்டரி அறையில் ஞாயிறுதோறும் அந்தக் கிழவரைப் பார்ப்பேன். இளமையில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர். பந்து வீசி வீசியே வலது முழங்கை மடங்கியபடி நின்றுவிட்டது. இருந்தும் காலுறைகளைச் சுருட்டி, மணிக்கட்டைச் சொடுக்கி, தூரத்திலிருந்தே கூடைக்குள் எறிவார். ஒன்றுகூடத் தவறாது.

நானும் கல்லூரியில் வேகப்பந்து வீசியவன்தான். தோள் வலித்தது, பரீட்சையும் வந்தது, விட்டுவிட்டேன்.

"வலிச்சப்பவே நிறுத்தியிருக்கலாமே?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எதுக்கு? பந்து நல்லா போயிட்டிருந்துச்சே," என்றார், கேள்வியே புரியாதவர்போல.

அவர் போனதும், துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "பாவங்க அந்த அங்கிள், கையை நீட்டக்கூட முடியல," என்றாள்.

எனக்குப் பாவமாக இல்லை, வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு குறையுமில்லாமல் நேராக நீண்ட என் வலது கையில் அவள் துணிக்கூடையைக் கொடுத்தாள்.