பாப்பாவைத் தூக்க ஒரு சட்டை

வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். இதில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், அப்பாமாரைச் சமாளிப்பதுதான் பாடு. வீட்டுக்குள் ஒருத்தர் ஊதும் சிகரெட், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சில் போய் உட்காரும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரி நர்ஸ் விமலா சிஸ்டர், போன வருஷம் மழை தொடங்கின சமயத்தில். அதுவரைக்கும் பிள்ளை இருமினால் மழையை, ஐஸ்கிரீமைத்தான் திட்டுவேன். நீங்களும் அப்படித்தானே?

துண்டு

யாழினிக்கு அப்போது ரெண்டு வயசு முடிந்திருந்தது. அவள் அம்மா கவிதாவுக்கு எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பா சரவணன் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவில் குழி விழுந்தது. போர்த்தி வந்த துண்டோடு வாரிக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடியே ஓடினேன்.

சிஸ்டர் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து ஏற்றினார். பிள்ளை கொஞ்சம் தெளிந்ததும் அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா லூர்தும்மா, இந்தப் பிள்ளை சிகரெட் பிடிக்குதா?"

ஜன்னல்

சரவணன் பொல்லாதவர் இல்லை. தினமும் சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வரும்போது கையில் பலூனோ பன்னோ இருக்கும். சிஸ்டர் சொன்னதை அவரிடம் பதமாகச் சொன்னேன். "நான் ஜன்னலாண்ட நின்னுதாம்மா பிடிக்கிறேன், புகையெல்லாம் வெளிய போயிடும்" என்றார். ஜன்னல் திறந்தாலும் ஃபேன் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, புகை துணியில், பாயில், தலைமுடியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

அவர்கள் வீடு ஒரே ரூம். இருக்கிற ஒரு ஜன்னலும் கிழக்கே பார்த்தது, சாயங்காலம் ஆனால் அது வழியாகத்தான் காற்று உள்ளே வரும். அன்றைக்கு அவரோடு வந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்ற கவிதா சும்மா விடவில்லை. "உன் புகைக்கு ரொம்பத்தான் தைரியம்யா, கடல்காத்தையே தள்ளிக்கிட்டு வெளிய போவுது பாரு!"

சாம்பிராணி

அடுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். கவிதா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சிகரெட்டைப் பிடித்துவிட்டு, வாடை தெரியாமல் இருக்க சாம்பிராணி ஏற்றிவிடுவார். வீடு கோயில் மாதிரி மணக்கும், பிள்ளைக்கு நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி கத்தும். ஒன்றுக்கு ரெண்டு புகை! "தம்பி, சாம்பிராணியும் புகைதானே, அதுவும் இவளுக்கு ஆகாதாம்" என்றேன்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு ஊற்றிய நாளில் பிள்ளைகளின் ஈரத்தலைக்குச் சாம்பிராணி காட்டுவேன், நம் ஊர்த் தாய்மார் எல்லாரும் செய்கிறதுதான். தூபக்கால் என் கூடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். "அப்ப உங்க புகை மட்டும் மோட்சத்துலேர்ந்து நேரா வருதாம்மா?"

அப்பா விளையாட்டு

அன்றைக்கே தூபக்காலைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். தலையை வெறும் துண்டால் துவட்டினாலும் முடி காயத்தான் செய்கிறது. "நான் விட்டுட்டேன் தம்பி, இனி உங்க முறை" என்றேன். சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாதாடத் தெரியாது. சாயங்கால ஜெபமாலையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கேரட்டை நீளமாக நறுக்கிக் கொடுத்திருந்தேன். யாழினி ஒரு துண்டை ரெண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஜன்னலாண்ட போய் நின்று, "ஃபூ" என்று ஊதினாள். அவளோடு வளர்கிற ராபினுக்கு ஒன்றும் புரியவில்லை, கேரட்டைத் தின்றுகொண்டிருந்தான். கேட்டில் சரவணன் வந்து நின்றதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. ராபினின் தோளைத் தட்டி விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். "நான் அப்பா. நீ பாப்பா. நீ இருமு."

மஞ்சள் பை

சரவணன் அன்றைக்குத் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கக்கூட யோசித்து நின்றார். மறுநாள் ஒரு மஞ்சள் பையில் துவைத்த சட்டை கொண்டுவந்து, "இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா" என்றார். அன்றிலிருந்து, வந்ததும் என் வாசல் குழாயில் கை, வாய், முகம் கழுவி, சட்டை மாற்றின பிறகுதான் மகளைத் தொடுகிறார். வீட்டுக்குள் சிகரெட் இல்லை. பட்டறைப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு ஓடுகிறது. அடியோடு விடுவதுதான் சரி என்று சிஸ்டர் விரட்டுகிறார், நானும் ஜெபத்தை விடவில்லை.

இந்த வருஷமும் மழை வந்தது. யாழினிக்குச் சளி பிடித்தது, வெறும் சளியாகவே போய்விட்டது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். சிஸ்டருக்கும், அந்தக் கேரட்டுக்கும்கூட நன்றி சொன்னேன். கவிதா ஒரு நாள் காலையில் பிள்ளையை என் கையில் கொடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "பாப்பா மூச்சு சத்தமே கேக்கலன்னு பயந்துபோய் லைட்டைப் போட்டேன் லூர்தும்மா, நல்லா தூங்குறா!"

இத்தனை நாள் பிள்ளை பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது, பிள்ளைக்கு மருந்து புகட்டுவதைவிட அப்பாவுக்குச் சட்டை மாற்றிவிடுவது லேசு என்பதுதான். உங்கள் வீட்டிலும் ஊதுகிறவர் ஒருத்தர் இருந்தால், அவர் முழுசாக விடுகிற வரைக்கும், வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடித்து ஒரு துவைத்த சட்டை மாட்டி வையுங்கள்.