திரும்பி வந்த பெட்டிஸ்

சோட்டீஸ் எனும் சிற்றுண்டிக் கடை நடத்தியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் பெட்டிஸும் மேசையில் வைக்க வேண்டும், தின்றதற்கு மட்டும் காசு வாங்க வேண்டும், மிச்சத்தைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. முதல் இரண்டும் எனக்கு வந்தன.

தட்டுக்கு எட்டு

கொட்டாஞ்சேனையில் ஐந்து மேசை போட்டுக் கடை திறந்தேன். தட்டுக்கு நான்கு மீன் ரோல்ஸ், நான்கு பெட்டிஸ். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்கக்கூட வாய் வராது. அதனால் காசு மேசைக்குப் பின்னால் நின்று, வாய்க்குப் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் இரண்டாவது ரோல்ஸைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "முதலாளி, நான் தின்னுறதா, நீங்க எண்ணுறதா? ஆர் முதல்ல முடிக்கிறது எண்டு சொல்லுங்கோ."

தெரிந்த முகம்

ரோல்ஸை கிராண்ட்பாஸில் பரீதா என்ற பெண் வீட்டில் செய்து அனுப்புவார். கறியை மாவில் மடித்துப் பொரிக்கிற பெட்டிஸ் என் சொந்தக் கைவேலை. விளிம்பை முள்ளுக்கரண்டியால் பன்னிரண்டு தரம் அழுத்துவேன். ஒன்று குறைந்தாலும் மனம் ஒப்பாது. ரோல்ஸ் மிஞ்சாது, பெட்டிஸ் மிஞ்சும். வீணாக்கக் கூடாதென்று மறுநாள் சூடுகாட்டித் திரும்பவும் தட்டில் வைப்பேன். ஆறு மாதமாகியும் கடை தன் வாடகையைத் தானே உழைக்கவில்லை. இப்படியே போனால் பூட்ட வேண்டியதுதான். ஒரு காலை, பரிமாறும் சிவலிங்கம், அட்டன் பக்கத்து ஆள், தட்டை அடுக்கியபடி சொன்னார்: "ஐயா, இந்த மூணும் முந்தாநேத்தே வந்ததுங்க. எனக்கு மொகம் தெரியுது."

இரண்டு அடுப்பு

அன்றிலிருந்து ஒரு கிழமை, தின்றதை விட்டு, திரும்பி வந்ததை எண்ணினேன். ஒரு ரோல்ஸ்கூடத் திரும்பவில்லை. அந்தக் கிழமைதான் பரீதா வந்து, இருந்த ஒரே அடுப்பும் பழுதாகிவிட்டது, தொழிலை விடப்போகிறேன் என்றார். ரோல்ஸ் இல்லாவிட்டால் என் கடையில் இருப்பது என் பெட்டிஸ் மட்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். கடையை விட்டால் கட்டடக்காரரிடம் கொடுத்த முற்பணம் கைக்கு வரும். எனக்கு வேறு முதல் கிடையாது. அதில் பரீதாவுக்குப் பெரிய அடுப்பு இரண்டு வாங்கினால் மற்றக் கடைகளுக்கும் ரோல்ஸ் போடலாம், லாபத்தில் பாதி எனக்கு. கிராண்ட்பாஸுக்குப் போய், நிலத்தைப் பார்த்தபடி ஒருவாறு சொல்லி முடித்தேன். பரீதா பழுதான அடுப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி முதலாளி. ஆனா ஒண்டு, உங்கட பெட்டிஸ் எங்கட குசினிக்குள்ள வரப்படாது."

மூலை மேசை

கடையைப் பூட்டியாயிற்று. இப்போது பதினேழு கடைகளுக்கு ரோல்ஸ் போகிறது; பொதி கட்டுவது சிவலிங்கம். என் பங்கில் வந்ததைப் பாமன்கடையில் ஓர் இடியப்பக் கடையிலும் கொலன்னாவையில் ஒரு பேக்கரியிலும் போட்டேன். இரண்டும் நன்றாக ஓடுகின்றன. கேள்விப்பட்டு, வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து பணம் கேட்டார். திட்டத்தை போனில் காட்டினார். எல்லாம் ஆங்கிலம், எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவருடைய கடைக்குப் போய், மூன்று நாள் மூலை மேசையில் தேத்தண்ணீர் குடித்தபடி, மற்ற மேசைகளில் இருந்து மிச்சத்தோடு திரும்பும் தட்டுகளை எண்ணினேன்; பாதிக்கு மேல். மூன்றாம் நாள் பரிமாறுகிறவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்க சுகாதார இன்ஸ்பெக்டர் எண்டா முதலே சொல்லுங்கோ, குசினிய ஒருக்காக் கழுவிவிடுறம்."

அந்தக் கடையில் நான் பணம் போடவில்லை, பெட்டிஸும் இப்போது செய்வதில்லை. இந்த இரண்டுக்கும்தான் என்னைக் கெட்டிக்கார முதலாளி என்கிறார்கள்.