வால் கீல்களை இழுத்துப் பார்த்தேன்

ரேடியோவால் இயக்கும் ஆளுயர மாதிரி விமானத்தின் வால் வேலை இன்று முடிந்தது. வாலில் மேலும் கீழும் அசையும் பலகையைக் கீல்கள் வைத்து ஒட்டியிருந்தேன். பசை இறுகியதும் ஒவ்வொரு கீலாக இழுத்துப் பார்த்தேன். பறக்கும்போது அந்தப் பலகை கழன்றால் விமானம் தலைகுப்புற விழும். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

"ஒட்டுனத ஏங்க பிச்சு எடுக்குறீக?" என்றாள் மனைவி.

குமுளி மலையடிக் கூடலூரில் அம்மாவையும் இப்படித்தான் கேட்பார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போவார். பள்ளி விடுமுறை என்றால் நானும் உண்டு. உள்ளே இடமிருக்காது. இறக்கிவிட்ட பின்கதவில் காலைத் தொங்கவிட்டு உட்காருவோம். கதவைத் தாங்குபவை இரண்டு சங்கிலிகள். ஏறுமுன் அம்மா இரண்டையும் இழுத்துப் பார்ப்பார்.

"யக்கா, இது ஜீப்பு, தேரு இல்ல. விடுக்கா!" என்பார் டிரைவர். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு காலையில் வலதுபக்கச் சங்கிலி கொக்கியோடு அம்மாவின் கைக்கு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

"இனி யானையே ஒக்காரலாம். ஏறுங்க, நேரமாச்சு."

ஏறினோம். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. குமுளி மலையின் ஒவ்வொரு வளைவிலும் அம்மா ஒரு கையால் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். மறுகை என் இடுப்பை விடவேயில்லை.

கீல்கள் எல்லாம் உறுதியாகத்தான் இருக்கின்றன. கடைசிக் கீலை மறுபடி இழுத்தபோதுதான் கவனித்தேன்: என் இடதுகை விமானத்தின் உடலை இறுக்கி அணைத்திருந்தது.