இறங்கச் சொல்லாமல் இறங்கியவர்

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் டிசம்பர் மாதம் நத்தார் விருந்தன்று சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை என் சீட்டு விழுந்தது. இரண்டு பேருக்கு ஏழு நாள் மெக்சிக்கோப் பயணம். பக்கத்தில் நின்று பெட்டி அடைக்கும் அக்கா உடனே சொன்னார்: "மாயன் கோயிலில அர்ச்சனை செய்தா என்ர பேரையும் சொல்லும் பிள்ளை. நட்சத்திரம் பூரம்." சனம் போகிற போக்கில் சொல்லும் இப்படியான கதைகள் எனக்கு மறப்பதில்லை.

என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவருக்கு முன்னரே கனடாவுக்கு வந்து கனேடியப் பாஸ்போட் எடுத்திருந்தேன். அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் மட்டும்தான். அது தொலைந்தால் திரும்பி ரொறன்ரோ விமானத்தில் ஏற்றமாட்டார்கள். "உள்ள வர எனக்கு ஆறு நாடு தேவைப்பட்டது. வெளிய போக ஒரு சீட்டுப் போதும் எண்டுறீர்," என்றார்.

இருந்தாலும் விசா எடுத்தோம், போனோம். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்புப் பெல்ற்றுக்குள் செருகிக்கொண்டு திரிந்தார். அதனால் கடலில் காலைக்கூட நனைக்கவில்லை.

நாலாம் நாள் ஒரு வான் வண்டியில் மாயன்களின் இடிந்த நகரத்தையும் காட்டுக்குள் இருக்கும் அருவியையும் பார்க்கப் புறப்பட்டோம். எங்களோடு கனடாவிலிருந்து வந்த ஆறு வெள்ளைக்காரர். வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். அசல் பாஸ்போட்டை ஹொட்டேல் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போட்டோக் கொப்பி கொண்டுவந்தால் போதும் என்று முதல்நாளே சொல்லியிருந்தார். எல்லோரும் அப்படியே செய்தார்கள், நானும்தான். என் கணவர் செய்யவில்லை.

அந்தக் கற்படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மற்றவர்கள் இரண்டு கையாலும் பிடித்து ஏறினார்கள். இவர் ஒரு கையால் ஏறினார், மறுகை இடுப்பில். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கும்போது காட்டுக்குள் ஏதோ பெரிதாக உறுமியது. அது குரங்கு என்று வழிகாட்டி சொல்லும்வரை இவர் கல்லோடு கல்லாகக் குந்திக்கொண்டிருந்தார்.

பிறகு அருவி. புழுக்கத்தில் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். "குளிச்சிட்டு வாங்கோவன், நான் வைச்சிருக்கிறன்," என்றேன். என் கையை ஒருமுறை பார்த்தார், பிறகு புத்தகத்தைத் தந்தார். அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். அருவிக்குக் கீழே நின்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எண்ணிக்கொண்டிருந்ததில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன். கேட்க அவரும் மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில், காலையில் ஒன்றும் இல்லாத இடத்தில் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் நின்றார்கள். அந்தப் பக்கம் அப்போது குழப்பம் என்று கேள்விப்பட்டிருந்தோம். வான் நின்றதும் நிற்காததுமாக என் கணவர் கதவை இழுத்துத் திறந்து இறங்கி நடக்கத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் ஆமியின் சென்றியில் பஸ் நின்றால் சனம் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும். வெறும் பஸ் பின்னால் வரும். இறங்காமல் இருப்பவன்மேல்தான் சந்தேகம் விழும். இங்கே எல்லோரும் இருக்க, இவர் மட்டும் இறங்கிவிட்டார்.

பத்து அடி போனதும் அவர் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கையைப் பார்த்த ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான். யாரும் அசைய வேண்டாம் என்று வழிகாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இவர் திரும்பி வானை நோக்கி ஓடிவந்தால் சுட்டுவிடுவார்கள். கத்தவும் பயம்.

"இஞ்சாருங்கோ," என்றேன், வீட்டில் கூப்பிடும் அதே குரலில். "அப்பிடியே நில்லுங்கோ. என்னட்டை இருக்கு."

நின்றார். இரண்டு கையும் மெல்ல மேலே போயின. நான் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, மற்றக் கையை வெறுமையாக விரித்துக் காட்டியபடி இறங்கினேன். வழிகாட்டி ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

ஆமிக்காரன் அப்படியொரு புத்தகத்தை முன்னர் கண்டிருக்கமாட்டான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். இவர் ஏன் இறங்கினார் என்று கேட்டான். அதை வழிகாட்டி ஆங்கிலத்தில் என்னிடம் கேட்க, நான் தமிழில் இவரிடம் கேட்டேன்.

"சொல்லுமன்," என்றார், கையை இறக்காமல். "எங்கட ஊரில இறங்காட்டித்தான் அடி விழும்."

அது இரண்டு மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்தது. ஆமிக்காரன் சிரிக்கவில்லை. துவக்கை மட்டும் தாழ்த்தினான். புத்தகத்தை என்னிடம் தராமல் இவர் கையிலேயே கொடுத்து, போய் ஏறச் சொல்லித் தலையை ஆட்டினான். பிறகு வானுக்குள் எட்டிப் பார்த்து மற்றவர்களின் கடதாசியைக் கேட்டான். ஏழு பேரிடமும் கொப்பிதான். வழிகாட்டி வெயிலில் நின்று கால் மணித்தியாலம் மன்றாடிய பிறகுதான் எங்களைப் போகவிட்டார்கள்.

கனதூரம் வந்த பிறகு இவர் புத்தகத்தை மூக்கில் பிடித்துப் பார்த்தார். "புத்தகத்தில சம்பல் மணக்குது," என்றார். ஸ்காபரோவிலிருந்து போத்தலில் கொண்டுபோன சம்பல் அது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டுகளுக்குள் வைத்திருந்தேன்.

குறித்த நாளில் ரொறன்ரோ விமானத்தில் இருவரும் ஏறினோம். இரண்டு வருடம் கழித்து அவருக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. அந்த வருட நத்தாருக்கு முந்திய கிழமை, மார்க்கம் வீதியில் குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கப் பொலிஸ் மறித்து நின்றது. இவர்தான் கார் ஓட்டினார். வரிசை மெல்ல நகர்ந்தது. பொலிஸ்காரரின் ரோர்ச் வெளிச்சம் எங்கள் கண்ணாடியில் பட்டதும் அவர் கை சீற் பெல்ற் பூட்டுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"இறங்கேல்லையப்பா," என்றார். "சும்மா தொட்டுப் பாத்தனான்."