கண் அசந்தால் அது தூக்கமா?

அறுபது பேர் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்க, தான் ஒருவன் முழித்திருப்பதற்குத்தான் பஸ் டிரைவருக்குச் சம்பளம். சூலூரிலிருந்து திருப்பூருக்குத் தனியார் பஸ் ஓட்டும் நான் அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை. விலாவில் முழங்கை இடி வாங்கியே விடியலைப் பார்க்கும் குறட்டைக்கார அன்பர்களே, இது நம்ம கதை.

பிரிவில் நிற்காத வண்டி

மத்தியானம் மூன்று மணி டிரிப். கண்டக்டர் மயில்சாமி விசில் ஊதியிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் கலங்கல் பிரிவு ஸ்டாப் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. இரண்டாவது விசிலுக்குத் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தேன். முன்னால் ஒரு மொபெட், அதன் பின் சீட்டில் குழந்தையோடு ஓர் அம்மா. நடுவில் ஒரு முழம் இடைவெளி.

பிரிவில் இறங்கவேண்டிய மில்காரம்மா காய்கறிப் பையோடு படியில் நின்று, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏனுங்க டிரைவர், இனி ஸ்டாப்பு இங்கதானுங்களா?"

எல்லாம் சைபர்

அன்றைக்கே முதலாளியிடம் நானாகப் போய்ச் சொன்னேன். "டாக்டரைப் பாருங்க, அதுவரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க" என்றார். இருபது வருஷமாகப் பிடித்த ஸ்டீயரிங் போய்விடுமோ என்ற பயத்தோடு கணபதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயில்சாமி துணைக்கு வந்தான்.

ஒரு பாரம் கொடுத்தார்கள். படிக்கும்போது தூங்குவீர்களா, டி.வி. பார்க்கும்போது தூங்குவீர்களா என்று எட்டுக் கேள்வி, சைபரிலிருந்து மூன்று வரை மார்க். நான் எல்லாவற்றுக்கும் சைபர் போட்டேன். பொய் இல்லை. தூக்கம் என்றால் பாய் விரித்துப் படுப்பது. உட்கார்ந்த இடத்தில் வந்தால் அதற்குப் பெயர் கண் அசருவது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் எனக்கு வருவது அதுதான்.

அப்புறம் எதற்கு வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மயில்சாமி பாரத்தை எட்டிப் பார்த்தான். பத்து வருஷத்தில் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசாதவன், மென்று முழுங்கிச் சொன்னான்: "அண்ணன் தூங்க மாட்டாருங்க. கண்ணு அசர்றதுன்னு கேட்டீங்கன்னா, எல்லாத்துக்கும் மூணு போட்டுக்கலாமுங்க."

மணிக்கு நாற்பது

தூக்கத்தை அளக்கும் டெஸ்டுக்கு ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும். தலையில் பசை வைத்து ஒயர், மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை. இதோடு எவன் தூங்குவான் என்று நினைத்தேன், அதற்குள் விடிந்துவிட்டது.

டாக்டர் தாளைக் காட்டினார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, திரும்பவும் நிற்கிறது, மணிக்கு நாற்பது தடவை. ஸ்லீப் ஆப்னியா என்று பெயராம். வண்டியை விட வேண்டியதுதானா என்று கேட்டேன். தொண்டை அடைக்காமல் காற்றைத் தள்ளும் மிஷின் மாட்டித் தூங்குங்கள், அதில் பதிவாவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வெளியே வந்து மயில்சாமியிடம் நாற்பதைச் சொன்னேன். "நம்மூரு டவுன் பஸ்ஸே அத்தனை தடவை நிக்காதுங்ணா!"

யானை மூஞ்சி

மூக்கில் மூடி, மூடியில் குழாய், குழாயில் காற்று. முதல் வாரம் தூக்கத்தில் பிடுங்கி எறிந்தேன். வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று மறுபடியும் மாட்டினேன். ஒரு மாதத்தில் காலைத் தலைவலி போனது. பிரசங்கத்தையும் முழுசாகக் கேட்டேன். இத்தனை நாள் கேட்காததே நல்லது என்று தோன்றியது.

பார்க்கப் பயமாக இருக்கிறதா என்று மனைவி மேரியிடம் கேட்டேன். "பயமாத்தானுங்க இருக்குது. ஆனா மூச்சு வருதான்னு உங்க மூக்குல கை வெச்சுப் பாக்கற வேலை இனி இல்லீங்க."

விசில் வராத ஸ்டாப்

ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், முதலாளி சாவியைக் கொடுத்தார். அதே மூன்று மணி டிரிப். ரோடு முழுசாகத் தெரிந்தது. ஆனால் ஒரு ஸ்டாப்பில் விசில் வரவில்லை. நானாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், மயில்சாமி டிக்கெட் பையைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குகிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக மத்தியான டிரிப்பில் ஓயாமல் முன்னால் வந்து, மழை வருமா, டீ சாப்பிடலாமா என்று உயிரை எடுப்பான். வெறும் தொணதொணப்பு என்று எரிந்து விழுந்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. எழுப்ப மனசு வரவில்லை. என் டெஸ்ட் விவரம் அந்த ரூட்டுக்கே தெரியும் என்பதால், இறங்கப்போன ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க டிரைவர், இவருக்கும் அந்த டெஸ்ட் எடுக்கோணுமாட்ட இருக்குதுங்களே?"

அவனுக்கு ஒரு டெஸ்டும் வேண்டாம் அன்பர்களே, என் வியாதிக்காக ஒரு வருஷம் முழித்திருந்தவன் அன்றைக்குத்தான் டூட்டி இறங்கியிருந்தான்.